கல்லில் உனக்கு இரண்டு கால்

என் உயிர் மச்சான் ஏகாம்பரத்துக்கு,

நீ இப்போது சாமியாகிவிட்டாய், தெரியுமா? உன் ஊர் படாளத்தில், உன் நிலத்து ஓரத்து வேப்பமரத்தடியில் உனக்குக் கல் நட்டிருக்கிறார்கள். மாமல்லபுரத்துச் சிற்பி செதுக்கியது. முறுக்கிய மீசை, கையில் துப்பாக்கி, முட்டிவரைக்கும் பூட்ஸ். உனக்கு மீசையே சரியாக முளைக்காது என்று பட்டாளத்தில் கேலி செய்வோமே, அதை அந்தச் சிற்பியிடம் யார் சொல்வது?

ஊர் எப்படிப் புரண்டு படுக்கிறது பார். சுதந்திரம் வந்த புதிதில் உன் பெயரை எடுத்தாலே, "வெள்ளக்காரனுக்கு சண்ட போட்டு செத்தவன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உன் பெண்டாட்டி கன்னியம்மாவுக்கு ஆறுதல் சொல்லக்கூட ஆள் இல்லை. பிறகு ஒரு வருஷம் மழை இல்லாமல் மாடுகள் செத்தன. சீமையில் செத்தவனின் ஆவி அலைகிறது, கல் நட்டுக் கும்பிட்டால்தான் அடங்கும் என்றார் பூசாரி. அன்றிலிருந்து நீ பட்டாளத்தான் சாமி. ஆடி மாதம் உனக்குக் கோழி அறுக்கிறார்கள். மதுவிலக்கு இருக்கிற ஊரில் உனக்கு மட்டும் எங்கிருந்தோ சாராயம் வந்துவிடுகிறது.

துப்பாக்கியா உன் கையில்? இத்தாலியில் நாம் இரண்டு பேரும் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லையே! ஆற்றங்கரைச் சேற்றில் குப்புறப் படுத்து, கத்தியால் மண்ணை மெல்லக் குத்திப் பார்த்துக் கண்ணிவெடி எடுப்பதுதானே நம் வேலை? "மல்லாட்ட வெதைக்கிற மாதிரி பொதைச்சி வெச்சிகிறானுங்க மச்சான்" என்று ஊர் வேர்க்கடலைக் கொல்லை நினைப்பில் சொல்லிக்கொண்டே என் முன்னால் ஊர்ந்து போனாய். குளிரில் உன் விரல்கள் மரத்திருந்தன. உனக்கடியில் ஒன்று வெடித்ததில் என் இடது காது அன்றோடு போயிற்று. மிச்சமிருந்த காதில்தான் உன் குரல் விழுந்தது.

"காதரு, காலு கீதா பாரு."

"கீதுடா" என்றேன். நீ நம்பினாயா?

போன வெள்ளிக்கிழமை கோவளத்திலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு உன் ஊருக்கு வந்தேன். உன் மகன் தணிகாசலத்தைக் கல்லின் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். நீ கப்பலேறும்போது கைக்குழந்தை, இப்போது உன் உயரம். செங்கல்பட்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். போகலாமா, வேண்டாமா என்று உன்னிடமே பூ கேட்டார்கள். கல்லின் தலையில் வைத்த அரளிப்பூ வலப்பக்கம் விழுந்தால் நீ உத்தரவு கொடுத்துவிட்டாய் என்று கணக்கு. பம்பை அடித்தார்கள். பூ வலப்பக்கம்தான் விழுந்தது.

உன் அண்ணன் துள்ளிக் குதித்தார். "பாத்தியா பாய், அப்பனே உத்தரவு குட்த்துட்டான்!"

"காலு போயி செத்தவன் அண்ணாத்த அவன். புள்ளைய அனுப்பச் சொல்வானா?"

"சாமிய பத்தி இன்னா பேச்சு இது? உனுக்கு இன்னா தெரியும்?"

எனக்கு என்ன தெரியுமாம்! உன் தலை கிடந்தது என் மடியில். பொழுது சாய்கிறவரைக்கும் நீ சாகவில்லை.  பம்பைச் சத்தத்தில் நான் சொன்னது தணிகாசலத்தின் காதில் விழவே இல்லை. கன்னியம்மாதான் பின்னாலேயே சந்தைவரை வந்தாள். "எனுக்கு ஒரு கல்லு போதும்ணே. அவன நிறுத்து" என்றாள்.

நீயாடா அந்தப் பூவைத் தள்ளினாய்? பெற்ற பிள்ளையை அந்தச் சேற்றுக்கு அனுப்ப உனக்கு மனசு வருமா? கால் இருந்திருந்தால் நீயே எழுந்து வந்து அந்தக் கல்லைப் பிடுங்கிப் போட்டிருப்பாய்.

திங்கட்கிழமை காலையில் அவன் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நிற்பான். நானும் நிற்பேன். அங்கே பம்பை இருக்காது. சேற்றைச் சொல்வேன், குளிரைச் சொல்வேன், கடைசியாக நீ கேட்டதைச் சொல்வேன். அதற்குப் பிறகும் பஸ் ஏறுவானோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் உனக்குச் சொன்ன பொய்யை உன் மகனுக்குச் சொல்ல மாட்டேன்டா.

உன் மச்சான்,
உன் பிள்ளைக்கு மாமன்,
காதர்