முதல் அரியதரத்தை யார் போடுவது

நயினாதீவு

அன்பு மகள் லோஜனாவுக்கு,

நம் கோயில் அம்மாளின் காவலில் நான் இங்கே சுகம். நோர்வேக் குளிரில் நீயும் மாப்பிள்ளை றெக்ஷனும் தடிமன் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் இராசேஸ்வரி மாமி எனக்கு ஒரு அநியாயம் செய்திருக்கிறார். உன் கலியாணத்துக்குப் பலகாரம் சுடும் நாளில் முதல் அரியதரத்தை எண்ணெயில் போட என்னை விடமாட்டாராம். புருஷனை இழந்தவள் போட்டால் சட்டிக்குள் கரைந்துபோகுமாம். உன்னைப் பெற்றவள் நான். போனில் சொன்னால், "விடுங்கோ அம்மா, மாமி பழைய ஆள்" என்று இடையில் புகுந்து சமாதானம் பண்ணுவாய். அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை வாசி.

நான் அழுதேன் என்று நினைக்காதே. இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே, உண்மையாகவே கரையுமா என்று பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது. பச்சையரிசி ஊறவைத்து, இடித்து, அரித்து, சீனி சேர்த்துக் குழைத்து இரவு முழுக்க மூடிவைத்தேன். காலையில் குசினியில் சட்டியை வைத்து ஒன்றைத் தட்டிப் போட்டேன். பிள்ளை, அது நுரைத்துச் சட்டி முழுக்கப் பரவி, கடைசியில் குறுமணல்போல் அடியில் போய்க் கிடந்தது. மாமி சொன்னது சரிதானோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. உடனே பக்கத்து வீட்டுக் கிருசாந்தியைக் கூப்பிட்டேன். அவளுக்குப் புருஷனும் இருக்கிறான், தடித்த தாலிக்கொடியும் இருக்கிறது. அதே மாவில் ஒன்று போடச் சொன்னேன், அதுவும் கரைந்தது. "ஐயோ அன்ரி, என்ரை மனுசனுக்கு ஒண்டும் இல்லையே" என்று வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தானாம்.

அப்போதுதான் ஆளை விட்டுவிட்டு மாவைப் பார்க்கத் தொடங்கினேன். பிழை நெருப்பிலா, அரிசியிலா? நெருப்பைக் குறைத்தேன், கரைந்தது. அரிசியைப் புதிதாக இடித்தேன், அதுவும் கரைந்தது. பிறகு சீனியைக் கிள்ளிப் பார்த்தால் விரலில் ஒட்டுகிறது. குறிகட்டுவானில் இருந்து படகில் வரும்போது சீனிப் பையை முன்பக்கம் வைத்திருந்தேன், கடல் தூவானம் அடித்திருக்கிறது. பை வெளியே காய்ந்துவிட்டது, உள்ளே ஈரம் நின்றிருக்கிறது. மா இளகிக் கிடந்ததை அரிசியின் ஈரம் என்று நினைத்தது என் மடத்தனம். சீனியை வெயிலில் பரப்பி, எறும்புக்குக் காவல் இருந்து, காய்ந்த பிறகு குழைத்தேன். நான் போட்டது மேலே வந்து மிதந்து ஓரம் சிவந்தது. கிருசாந்தி போட்டதும் அப்படியே.

மாமி புங்குடுதீவில் இருந்து வந்த அன்று ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். தின்றுவிட்டு, "நல்லாத்தான் கிடக்கு, எண்டாலும் சபைக்கு எண்டு ஒரு முறை இருக்கு மச்சாள்" என்றார். சட்டிக்கு ஒரு முறை, சபைக்கு ஒரு முறையோ என்று கேட்டேன். அவர் பெட்டியில் இருந்து இன்னொன்றை எடுத்துக் கடித்தார். மாமி கெட்டவர் இல்லை, தன் தமையனான உன் அப்பாவின் செத்தவீட்டில் என்னைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். ஆனால் கூடாது என்று முதலில் யார் சொன்னது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. எனக்கு அதையும் அறிய ஆசைதான். அறியும்வரை ஒதுங்கி நிற்க என்னால் ஏலாது.

ஆகவே நடக்க வேண்டியது இதுதான். முதல் அரியதரம் அம்மாதான் போடுவா என்று நீயே மாமிக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும், நான் சொன்னதாக அல்ல, உன் விருப்பமாக. றெக்ஷன் தன் தாயாருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், வந்த இடத்தில் அவர் முகம் சுளிக்கக் கூடாது. கிருசாந்தி அரிசி இடிப்பாள். சட்டியை நான் வைப்பேன், முதலாவதை நான் போடுவேன். இரண்டாவதை மாமி என் பக்கத்தில் நின்று போடட்டும்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். தலைக்குத் தொப்பி போடாமல் வெளியே போகாதே. மாமிக்குப் போன் எடுக்க மறந்துவிடாதே.

உன்னைப் பெற்ற அம்மா,
சறோஜினிதேவி