ஏலக்காய் டப்பாவில் ஒரு ஹார்டு டிஸ்க்

மாப்ளே,

இன்று காலை அந்த ஹார்டு டிஸ்கைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். கொஞ்ச நேரத்தில் அது சூடாகி, அறை முழுக்க ஏலக்காய் வாசம் ஏறிவிட்டது. அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி, அதான் உனக்குத் தங்கச்சி முறை ஆகிறவள், "கம்ப்யூட்டர் ரூம்ல பாயசமா காய்ச்சுறீக?" என்று கேட்டாள். நான் மூக்கை டிஸ்கிடம் கொண்டுபோய் இன்னொரு இழுப்பு இழுத்தேன். உலகத்திலேயே ஏலக்காய் மணக்கிற பேக்கப் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இதற்கு ஈடான ஏற்பாடு கிடையாது. நான் விசாரித்துவிட்டேன்.

எனக்குப் படிப்பு போதாது என்று ஊர் சொல்லும். பத்தாம் வகுப்பை மூன்று முறை படித்தவன் நான். ஒரே முறை படித்துத் தேறினவனைவிட எனக்கு மூன்று மடங்கு படிப்பு என்பதுதான் கணக்கு. செராக்ஸ் கடை வைத்திருந்தபோது வீடியோ பார்த்தே வெப்சைட் கட்டக் கற்றுக்கொண்டேன். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை உள்ள கல்யாண மண்டபம், திராட்சை நர்சரி, பல் ஆஸ்பத்திரி எதுவானாலும் என் கை படாத வெப்சைட் கிடையாது. கிடையாது என்றால், ஏழெட்டு இருக்கும். உனக்குத்தான் கூட்டிச் சொல்ல முடியாது.

"ஃப்ரீலான்சர்" என்று நான் விசிட்டிங் கார்டு அடித்த அன்று, அதை ஜீப் கண்ணாடியில் செருகிக்கொண்டு கேட்டாய்.

"அப்படின்னா என்ன மாப்ளே?"

"யாருக்கும் கைகட்டி நிக்காத வேலைன்னு அர்த்தம்."

"அப்ப நேத்து முழுக்க அந்த ஆட்டுக்காரனுக்கு எஸ் சார், எஸ் சார்னு டைப் அடிச்சியே, அது யாரு?"

ஆட்டுக்காரர் நியூசிலாந்தில் செம்மறிக் கிடா வளர்க்கிறவர். ஆன்லைனில் வேலை தேடுகிற தளத்தில் என்னைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்பதைவிட, நாற்பது பேர் கேட்ட வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார் என்பதே பொருத்தம். அவருடைய ஆடுகளின் வம்சாவளி முழுவதும் கைநோட்டுகளில் இருந்தது. இந்த ஆட்டுக்குத் தகப்பன் யார், தாய் யார், பிறந்தபோது என்ன எடை, எத்தனை குட்டி போட்டது என்று பதினோரு நோட்டு. அவர் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்ப, நான் சுருளிப்பட்டியில் உட்கார்ந்து ஒவ்வோர் ஆடாக வெப்சைட்டில் ஏற்றினேன். எட்டு மாத வேலை. நம் தெருவில் யாருக்கு யார் மாமன் என்பதே எனக்குக் குழம்பும். அந்த ஆடுகளுக்குள் சம்பந்தம் பேசச் சொன்னால் பிசகில்லாமல் பேசிவிடுவேன்.

வேலை முடிந்ததும் ஓர் ஈமெயில் எழுதினேன். "ஐயா, இனி உங்கள் நோட்டுகளைத் தைரியமாகத் தூக்கிப் போடலாம். எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது." அந்த மனிதர் அதை நம்பித் தூக்கிப் போட்டுவிட்டார்.

அதற்குச் சில மாதம் முன்பு, வேலை பாதியில் இருக்கும்போதே, நீ ஒருநாள் என் அறைக்கு வந்து, எல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டாய். நான் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன். சி டிரைவில் ஒன்று, டி டிரைவில் அதே மாதிரி இன்னொன்று. ஒன்று போனால் ஒன்று.

நீ மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாய். "ரெண்டும் இந்த ஒரே பெட்டிக்குள்ளதான இருக்கு?"

"ஆமா. ஆனா வேற வேற டிரைவு."

"டிரைவுன்னு சொல்லாத. பெட்டி ஒண்ணுதான?"

எனக்குச் சிரிப்பு வந்தது. விடியற்காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற ஜீப் டிரைவர், எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறாரா? நீ சிரிக்கவில்லை. உன் வழக்கத்தைச் சொன்னாய். ஜீப்புக்கு ஒரு ஃபேன் பெல்ட்டும் டியூப்பும் வீட்டில் வைத்திருப்பாய். அதே மாதிரி இன்னொரு பெல்ட்டும் டியூப்பும் மேட்டில், கேரள எல்லை தாண்டியதும் இருக்கிற சேச்சியின் டீக்கடையில் வைத்திருப்பாய். வண்டி மலையடியில் நின்றால் வீட்டுக்கு ஆள் அனுப்பலாம். உச்சியில் நின்றால் கடைக்கு நடக்கலாம். மலை ஏறுகிற டிரைவர் எல்லாரும் அப்படித்தான் என்றாய்.

அதோடு விடவில்லை. நான் சினிமா ஏற்றி வைத்திருந்த ஹார்டு டிஸ்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாசக் கடைசியில ஆட்டையெல்லாம் இதுல காப்பி பண்ணிக் குடு. நான் கொண்டுபோய் மேட்டுக் கடையில வச்சிருறேன்" என்றாய். சேச்சி அதை ஏலக்காய் போட்டு வைக்கிற தகர டப்பாவுக்குள் வைத்தாள். மழையிலும் ஈரம் ஏறாத டப்பா அது ஒன்றுதானாம்.

எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. ஆட்டுக்காரருக்கு உடனே எழுதினேன்: "எங்கள் நிறுவனம் மலைப்பிரதேசத்தில், வேறு மாநிலத்தில், ஒரு டேட்டா சென்டர் தொடங்கியுள்ளது." அவர் படம் கேட்டார். நீ எடுத்து வந்த படத்தை வெட்டி, ஒட்டி, சேச்சியின் கை தெரியாதபடி அனுப்பி வைத்தேன்.

இனிமேல் சொல்வதை நீ இருந்தபோது நான் முழுசாகச் சொன்னதில்லை. முதல் இரண்டு மாதம் ஒழுங்காகக் காப்பி செய்தேன், நீ பக்கத்தில் இருந்து பார்த்தாய். அதற்குப் பிறகு சலிப்புத் தட்டிவிட்டது. மாசக் கடைசியில் நீ வந்து வாசலில் நின்று, "பண்ணிட்டியா?" என்பாய். நீ மேட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட டிஸ்க் மேசையில் கிடக்கும். "பண்ணியாச்சு, எடுத்துக்க" என்பேன். நீயும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது நடந்தது. ஆட்டுக்காரருக்கு அந்தச் சனிக்கிழமை கிடா விற்பனை. வாங்க வருகிறவர்கள் வெப்சைட்டில் வம்சாவளி பார்த்துத்தான் விலை கேட்பார்கள். அதற்காகப் பக்கத்தைப் புதுசாக, ஜோராக மாற்றியிருந்தேன். சர்வரில் இருந்த பழையதை முதலில் சுத்தமாக அழித்தேன். வெள்ளையடிக்கும் முன் சுவரைச் சுரண்டுகிற மாதிரி, அதுதான் முறை என்று நினைத்தேன். பிறகு என் கம்ப்யூட்டரிலிருந்து புதியதை ஏற்ற ஆரம்பித்தேன். பாதி ஏறவில்லை, சுருளிமலைப் பக்கம் ஓர் இடி. ஒயரில் நெருப்பு ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து புகை. சி டிரைவும் டி டிரைவும் ஒரே பெட்டிக்குள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

சர்வரில் இல்லை. கம்ப்யூட்டரில் இல்லை. நோட்டும் படமும் அவரிடம் இல்லை; எனக்கு வந்த படங்களையும் இடம் அடைக்கிறது என்று அப்போதே அழித்திருந்தேன். டப்பாவில் இருக்கிற டிஸ்கிலோ பழைய பாதிதான். பின்னால் சேர்த்த நானூற்றுச் சொச்சம் ஆடுகள் அதில் கிடையாது. அது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ சாயங்காலம் ஆளை இறக்கிவிட்டு ஜீப்போடு வந்தாய். டிஸ்க் உன் பையில் இருந்தது. இடி விழுந்ததைப் போனில் கேட்டு, கீழே இறங்கும்போதே வாங்கி வந்திருந்தாய்.

"ஏலே, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? அதான் கொண்டாந்துட்டேன்ல."

நான் உண்மையைச் சொன்னேன். காப்பி பண்ணவில்லை, மூன்று மாசமாகப் பொய் சொன்னேன் என்று. அந்த ஆளின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

நீ ஸ்டீரிங்கில் கை வைத்தபடி என்னையே பார்த்தாய்.

"நீ சொல்றத நான் என்னைக்குடா நம்பியிருக்கேன்?"

எனக்குப் புரியவில்லை.

"நீ பண்ணியாச்சுன்னு சொன்ன வேகத்துலயே தெரியும், பண்ணலைன்னு. மத்தியானம் தின்னுட்டு நீ ரெண்டு மணி நேரம் குறட்டை விடுவேல்ல? மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை உக்காந்து நானே பண்ணிருவேன். வலது பக்கம் அமுக்கணும், காப்பி குடுக்கணும், அங்கன போய் பேஸ்ட் குடுக்கணும். இதுக்கு மூணு தடவ பத்தாப்பு படிக்கணுமா?"

உன் மகளின் பள்ளிக்கூட லேப்டாப்பில் டிஸ்கைச் சொருகினோம். என் பழைய ஃபோல்டருக்குப் பக்கத்தில் மூன்று ஃபோல்டர்கள். உனக்கு இங்கிலீஷில் பேர் போடத் தெரியாததால் கம்ப்யூட்டரே வைத்த பேர்: நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் இரண்டு, நியூ ஃபோல்டர் மூன்று. மூன்றாவதைத் திறந்தால் ஆடுகள் அத்தனையும் நின்றன. ஒரு குட்டி குறையவில்லை. நான் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்தேன். உன் மகள், "மாமா, ஸ்கிரீன் ஒடஞ்சிரும்" என்றாள்.

சனிக்கிழமை விற்பனை அமோகம். ஆட்டுக்காரர் என்னைப் பாராட்டி ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினார். அதைப் பார்த்துத்தான் அயர்லாந்துக்காரர் வந்தார், துபாய்க்காரர் வந்தார். எல்லாரிடமும் "எங்கள் மலைப்பிரதேச டேட்டா சென்டர், என் சொந்த யோசனை" என்றே சொன்னேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பருத்திப்பால் குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாய். ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை.

தை பிறக்க நாலு நாள் இருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழவில்லை. பதினாறு முடிந்த மறுநாள் ஆட்டுக்காரருக்கு ஓர் ஈமெயில் எழுதினேன். என் ஆயுளில் ஒன்றும் சேர்க்காமல் எழுதியது அது ஒன்றுதான். டேட்டா சென்டர் என்று எதுவும் இல்லை, ஒரு டீக்கடை; யோசனை என்னுடையது இல்லை, ஒரு ஜீப் டிரைவருடையது; உங்கள் ஆடுகளைக் காப்பாற்றினவர் அவர்தான், இப்போது இல்லை. வேலை போனால் போகட்டும் என்றுதான் அனுப்பினேன்.

மறுநாளே பதில் வந்தது. "டீக்கடை என்று எனக்கு முதலிலேயே தெரியும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஓரத்தில் கெட்டில் தெரிகிறது. அவர் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள்."

அனுப்பினேன். மாதங்கள் கழித்து, அங்கே குட்டி ஈனுகிற பருவம் முடிந்து, புது வரிசை நேற்று வந்திருக்கிறது. மூன்றாவது வரியில் ஒரு கிடாக்குட்டி. தகப்பன் பேர், தாய் பேர், பிறந்த எடை ஐந்தரைக் கிலோ. குட்டியின் பேர் இருக்க வேண்டிய கட்டத்தில் உன் பேர். இன்று காலை அதை நான்தான் டைப் அடித்து ஏற்றினேன். வம்சாவளியில் ஏறிவிட்டாய் மாப்ளே. இனி நியூசிலாந்தில் பாதி ஆடு உன் பேரன் பேத்திதான். பாதி இல்லாவிட்டாலும், ஒரு கொட்டகை வரும்.

டிஸ்க் இப்போது இரண்டு. மாசா மாசம் வேறொரு டிரைவரின் ஜீப்பில் ஏறி, ஒன்றைக் கொண்டுபோய் வைத்து மற்றதை எடுத்து வருகிறேன். காப்பி முடிந்ததும் ஒருமுறை எனக்காகத் திறந்து பார்க்கிறேன், இன்னொருமுறை உனக்காக. கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் துளியும் பயமில்லை. கண்ணை மூடிக்கொண்டு வருவது தூக்கத்தினால்.

இன்றும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். சேச்சி டப்பாவை எடுத்து, மூடியைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"காப்பி பண்ணியோ?"

"பண்ணியாச்சு சேச்சி."

டப்பாவைத் திறக்கவில்லை. என் மூஞ்சியையே பார்த்தாள். "சத்தியமாயிட்டு பண்ணியோ?"

"என்ன சேச்சி, ரெண்டு தடவ கேக்குறீக?"

"ஜீப்காரன் பறஞ்சிட்டுண்டு. இவன் பண்ணியாச்சுன்னு சொன்னா, ரெண்டாவது தடவ கேட்டுட்டு வாங்கணும்னு."

அந்த இடத்திலேயே, டீக்கடை வாசலில், ஏலத்தோட்டத்து ஆட்கள் பார்க்க, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். பிறகு அவளுக்கு முறையாக, நிதானமாக, இரண்டாவது முறையும் பதில் சொன்னேன். டப்பா திறந்தது. பழைய டிஸ்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். இறங்குகிற வழி முழுக்கச் சட்டை மணந்துகொண்டே வந்தது.