குணசேக

ஜூன் 9, செவ்வாய்
காலையிலேயே கொளுத்தும் வெயில். எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசை, கம்பெனி பஸ் ஊர்ந்தது. கன்டெய்னர் யார்டு கேட் திரையில் இன்று முதல் உள்ளே வருகிறவர்களின் பெயர்கள் தமிழில். என் யோசனை. மேனேஜர் கைகொடுத்தார். படமெடுத்து ஸ்டேட்டஸ் வேறு போட்டேன். அல்பம்.
வாங்க: துவரம்பருப்பு, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

ஜூன் 10, புதன்
கேட்டில் தகராறு. கிரேன் ஓட்டும் குணசேகரன் நேற்று லீவு; இன்று வந்தவரை மெஷின் உள்ளே விடவில்லை. சிவப்பு விளக்கு, 'மது - தடை'. செக்யூரிட்டி எல்லோர் முன்னாலும் வாயை ஊதச் சொன்னாராம். வாடை இல்லை. ஆனாலும் மெஷின் சொல்கிறதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு லோடுமேன்: "மறுபடி ஆரம்பிச்சிட்டான் போல கீது." அவர் குடியை விட்டு ஒரு வருஷமாம். எனக்கென்ன என்று சாப்பிடப் போனேன்.

ஜூன் 11, வியாழன்
இன்றும் அவரை விடவில்லை. மதியம் சும்மா கேட் புரோகிராமுக்குள் போய்ப் பார்த்தேன்.
என் புரோகிராம் பைத்தான். கேட்டில் ஓடுவது சி மொழி, யாரோ எப்போதோ எழுதியது. நான் அனுப்பும் பெயரில் முதல் இருபது பைட்டை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட், பெயர் அடங்கியது. தமிழில் 'கு' என்றாலே ஆறு. குணசேகரன் வெட்டுப்பட்டு 'குணசேக', அப்புறம் ஒரு காலிக் கட்டம். போன மாதம் குடித்துவிட்டு வந்து தடை வாங்கிய லாரி டிரைவர் குணசேகர். அவரும் 'குணசேக'. தடைப் பட்டியலில் பெயரைத்தான் தேடும், பாஸ் எண்ணை அது பார்ப்பதே இல்லை. இனிஷியலையாவது முன்னால் விட்டிருக்கலாம். அழகாக இருக்கட்டும் என்று நான்தான் பிரித்தேன்.
சோதித்துப் பார்த்தது இரண்டே பெயர்: உமா (நான்), ரவி (மேனேஜர்). லட்சணம்.
சரிசெய்துவிட்டேன். என்ன ஆச்சு என்று மேனேஜர் கேட்டார். சிஸ்டம் பிராப்ளம் சார், முடிஞ்சுது என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

ஜூன் 12, வெள்ளி
சாயங்காலம் மழை. கு. வேலைக்கு வந்துவிட்டார். டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் பேசித்தான் உள்ளே விட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றாலும் கேட்காமல் டீ சொன்னார்.
"சம்சாரம் புள்ளயத் தூக்கினு வள்ளூர்ல அம்மா வூட்டுக்குப் பூட்டா மேடம். மிசினு இன்னாத்துக்குப் பொய் சொல்லும்ன்றா. நீ ஒரு வார்த்த சொல்லேன்."
அவளுக்குப் போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.
அவர் குடிக்கவில்லை, மெஷின் தப்பு என்றேன். அழுகிறாள் என்று தெரிந்தது. அப்புறம் கேட்டாள்: "அந்தத் தப்பப் பண்ணது யாருக்கா?"
சிக்னல் இல்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிரில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.