முழங்காலில் ஒட்டுத் துணி

வாலு,

உன் குதிரை சவாரி பேன்ட்டில் முழங்காலுக்கு உட்பக்கம் இருந்த ஒட்டுத் துணியை, யாரோ கிழிசலை மறைக்கப் போட்டது என்று நினைத்துப் பிரித்துப் போட்டேன். இருபது வருஷமாகத் தையல்காரன். சேணத்தில் வழுக்காமல் இருக்கத்தான் அந்தத் துணி என்று நீ கத்திய பிறகுதான் என் மண்டையில் ஏறியது. திரும்பத் தைத்து நாற்காலியில் போட்டிருக்கிறேன். இழுத்துப் பார், பிரியாது.

நான் கடை திறக்கப் போகிறேன். முட்டை வேகவைத்து மூடியிருக்கிறது. முகாமுக்குக் கொண்டுபோகும் பையின் பூட்டுச் சாவி டீ டப்பாவுக்குப் பின்னால். ஹெல்மெட்டை உள்ளே திணிக்காதே, கையில் எடுத்துக்கொள். குதிரை சவாரி முகாம் வண்டி பதினொரு மணிக்கு வரும்.

பை இன்னும் காலியாகக் கிடக்கிறது. நீ என்னோடு பேசி இரண்டு நாளாகிறது. அது பேன்ட்டுக்காக மட்டும் இல்லை என்று தெரியும். போன வருஷம் நீ குதிரையிலிருந்து விழுந்ததைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டினேன். குதிரையும் நானே. அப்படி நடித்த ஒரு நாள் கடைத் திரைக்குப் பின்னால் நீ நின்றது எனக்குத் தெரியாது. தப்புதான்.

போக மனமில்லை என்றால் சொல். முகாமுக்கு நானே போன் பண்ணிவிடுகிறேன்.

தாளில் இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: பயமாக இருக்கிறதா? இதற்காவது பதில் எழுதி வை. பத்தரைக்கு வந்து பார்க்கிறேன்.

அப்பா

(தாளின் பின்பக்கத்தில், பென்சிலில்)

பயமாதான் இருக்குப்பா. ஆனா போறேன். பை கட்டியாச்சு. வண்டி வரைக்கும் நீங்களும் வாங்க. அங்க யார்கிட்டயும் குதிரையா மட்டும் நடிக்காதீங்க.