சுக்கான் பிடி முறிந்த ஞாயிறு

அம்மாவுக்கு ஜெபாவின் ஸ்தோத்திரம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். பயப்படாதீர்கள்.

திருமழிசையில் என்னோடு வேலை செய்யும் நிர்மல் அண்ணன் சின்னப் பாய்ப்படகு ஓட்டுவார். அதன் சுக்கானைத் தாங்கும் பிடியை, கார்பன் ஃபைபர் துணியில் பிசின் பூசி, என் அறையிலேயே செய்து கொடுத்தேன். போன ஞாயிறு கடலில் அது முறிந்துவிட்டது. ஒரு மணி நேரம் தத்தளித்தவரை மீன்பிடிப் படகுக்காரர்கள் இழுத்து வந்தார்கள். அடி எதுவும் இல்லை.

"காத்து அப்பிடி அடிச்சிச்சு. நீ இன்னா பண்ணுவ?" என்று சிரித்தார். ஆனால் காரணம் காற்று இல்லை என்று எனக்குத் தெரியும். தராசு வேலை செய்யாததால், பிசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் குத்துமதிப்பாகத்தான் ஊற்றியிருந்தேன். பிடி சரியாக இறுகவில்லை என்று தெரிந்தும், சொன்ன நாளில் கொடுக்க வேண்டுமே என்று கொடுத்துவிட்டேன். நேற்று அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "அன்னிக்கு என் பொண்ணையும் இட்டுகினு போறதா இருந்தேன், ஜெபா" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடுங்கள். நான் பேசாவிட்டாலும் நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள், அம்மா. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் ஜெபா