கொசுறுக்கும் வரி

ஆவணி 14, செவ்வாய். மழை.

மகள் கவிதா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

தோட்டத்துப் பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து, அவள்தான் வெளிநாட்டு வலைத்தளம் ஒன்றில் நம் டீத்தூளை விற்கிறாள். அமெரிக்காவில் புது வரி வந்ததும் தளம் ஒரு விதி போட்டது: பெட்டியில் இருப்பதையெல்லாம் எழுதி, வரியை முன்பே கட்டிவிட வேண்டும். அவள் எழுதிக் கட்டினாள். நான் வழக்கம்போல ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொசுறாகச் செருகினேன். அங்கே சுங்கத்தில் பிரித்துப் பார்த்து, எழுதாத சரக்கு என்று பெட்டியைத் திருப்பிவிட்டார்கள். இன்று காலை தளமும் அமெரிக்காவுக்கு எங்கள் கடையை மூடிவிட்டது.

“ஏனுங்கப்பா, இதென்ன நம்ம அரவேணு பஜார்ல இருக்கற மளிகைக் கடையா? உங்க தாராளத்துல என் கடை போச்சு!”

“கொசுறுக்குக் கூடவா கண்ணு வரி போடுவான்? அவனெல்லாம் எப்படிப் பொழைக்கறான்?”

“அவன் பொழைச்சுக்குவான். நம்ம பொழப்பப் பாருங்க.”

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், இன்று அமெரிக்க வியாபாரத்தையும் நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் ஜெர்மனிக்கு ஒரு பெட்டி கட்டினாள். டேப் ஒட்டுமுன் என் பக்கம் திரும்பினாள்.

“கையக் காட்டுங்க.”

வலது கையைக் காட்டினேன்.

“அந்தக் கையி?”

பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதிலேயே டீ போட்டு, அவள் மட்டும் குடித்தாள்.