நோட்டில் ஏறாத பதினெட்டு பந்துகள்

அன்பு மகள் ஜோலீனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குளிரோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நெப்ராஸ்காவில் பேஸ்பால் மைதானம் பனிக்கடியில் கிடக்கிறது. அணி எப்படி என்று இரண்டு முறை கேட்டும் நான் பதில் எழுதவில்லை, எழுத முகம் இல்லை.

முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பந்துவீச்சாளர்களில் மூன்று பேரைப் பெரிய அணிகள் கொத்திக்கொண்டு போய்விட்டன. நவம்பரிலிருந்து மேனேஜர் டுவேனும் பந்துவீச்சுக் கோச்சான நானும் காலை முதல் மாலை வரை போனும் கையுமாக ஆள் தேடினோம். ஓக்லஹோமாவில் முப்பத்தைந்து வயது இடக்கைக்காரர் ஒருவர் கிடைத்தார், வயிறு கொஞ்சம் முன்னால் வருகிறதே என்றேன், தொப்பையா பந்து போடப்போகிறது என்று டுவேன் சிரித்தான். இதற்கு நடுவில்தான் நம் பந்துவீச்சாளன் டிரெண்ட் குசேராவின் முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை ஆனது. இரண்டு கோடைக்காலம் உன் அறையில் தங்கி நம் வீட்டில் சாப்பிட்ட அதே டிரெண்ட்தான். கை கெடாமலிருக்க ஓர் ஆட்டத்துக்கு நூறு பந்துதான் என்ற கணக்கை மீறி நம்மிடம் அவன் போட்டதே இல்லை, வெளியே யாருக்கோ திருட்டுத்தனமாகப் போட்டுக் கையைக் கெடுத்துக்கொண்டான் என்று சொல்லி டுவேன் அணிப் பட்டியல் பலகையிலிருந்து அவன் பெயரை அழித்தான். சாட்சிக்கு நான் பந்துக்கணக்கு எழுதும் நோட்டையே எடுத்துக் காட்டினான். நான் காப்பியைக் குடித்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

உண்மை இதுதான் மகளே. போன சீசன் கோப்பை ஆட்டத்தில் டிரெண்ட் வீசியபோது பந்துகளை எண்ணும் கருவி என் கையில்தான் இருந்தது. எட்டாவது சுற்றில் அது நூறைத் தொட்டதும், அவனை மாற்றினால் தோற்றுவிடுவோமே என்று அமுக்குவதை நிறுத்திச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். எவ்வளவு ஆச்சு என்று டுவேன் கேட்டபோது இன்னும் தொண்ணூறு தாண்டவில்லை என்று கூசாமல் சொன்னேன். அதற்குப் பிறகு பதினெட்டு பந்து, கருவி எண்ணாவிட்டாலும் என் மனசு எண்ணியது. ஜெயித்தோம். நோட்டில் நூறு என்று எழுதிவிட்டு, தீயணைப்பு வண்டியில் ஏறி வெற்றி ஊர்வலம் போய் எல்லாருக்கும் கையாட்டினேன். சொல்பேச்சு கேட்காதவன் என்று பெயர் வாங்கிய பையனை, கை தேறினாலும் எந்த அணி எடுக்கும்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டோடு அவனே கதவைத் திறந்தான். அவன் அம்மா மிளகாய்ப் பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை பன்னும் வைத்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும் கோச், நானும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். நூத்திப் பதினெட்டு," என்றான். பிறகு ஏனப்பா டுவேனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு நான் எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்," என்றான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்று காலை டுவேனிடம் சொல்லிவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, டிரெண்ட் பெயரைத் திரும்ப எழுதி, பக்கத்தில் அடுத்த வருடம் என்று போட்டான். நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்றான், நியாயம்தான். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வேன்.

கடவுள் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. டிரெண்டுக்கு ஒரு வரி எழுதிப் போடு, ஆனால் அதில் எனக்காகப் பரிந்து பேசாதே.

உன் அப்பா,
லைல் வொண்ட்ரா